பத்து எண்ணுவதற்குள்

குதிரை ஓட்டுகிற பிள்ளைகள் போடுகிற பூட்ஸ் முழங்கால் வரை இருக்கும். அதைத் தனியாகக் கழற்ற முடியாது. பிள்ளை உட்கார்ந்து காலை நீட்ட வேண்டும், இன்னொருவர் குதிகாலைப் பிடித்துத் தம் கட்டி இழுக்க வேண்டும். திருப்பதியிலிருந்து சந்திரகிரி போகிற வழியில் மலையை ஒட்டி இருந்த ஒரு ரைடிங் ஸ்கூலில் ஆறு வருஷம் எனக்கு அதுதான் வேலை. பெண்பிள்ளைகள் உடை மாற்றுகிற அறையில் இருப்பேன். பூட்ஸ் இழுப்பேன், தலையைப் பின்னி வலைக்குள் அடைப்பேன், சேணத்துக்கு அடியில் போடுகிற துணிகளைத் துவைப்பேன். ஆயம்மா என்று கூப்பிடுவார்கள். நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. பூட்ஸ் இழுக்கிறவளிடம் யாரும் பேச்சை எதிர்பார்க்காததால் அந்த வேலை எனக்கு ஒத்துப்போனது.

அங்கே வந்துபோன அம்மாக்களில் ஒருவரை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. சித்தூரில் மாங்கூழ் ஃபேக்டரி வைத்திருந்த வீட்டு மருமகள். எங்களுக்கு அவர் பாப்பாம்மா. அவருடைய பெண்ணை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டோம், அதனால் அவர் பாப்பாம்மா. வாரத்தில் மூன்று நாள் சித்தூரிலிருந்து காரில் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவார். அவர் ஒரு நாளும் குதிரை மேல் ஏறியதில்லை. குதிரை செருமினால் இரண்டடி பின்னால் போவார். ஆனாலும் அந்த மைதானத்தில் கல் மாதிரி நெஞ்சு யாருக்கு என்று கேட்டால், குதிரைக்காரர் முதல் மாஸ்டர் வரை அவரைத்தான் காட்டுவார்கள்.

அவருக்கு ஒரு சொல் ஆகாது. வலி என்கிற சொல். அவர் காதில் விழும்படி யாரும் அதைச் சொல்லக் கூடாது. இடுப்பு வலிக்கிறது என்று ஒருமுறை என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆயம்மா, அத்த வாயால சொன்னா ஊடு கட்டிக்கினு குந்திக்கும். சொல்லலன்னா தானா பூடும்."

"சரிம்மா" என்றேன்.

பாப்பா குதிரையிலிருந்து விழுந்தால் அவர் ஓடமாட்டார். மற்ற அம்மாக்கள் வேலியைத் தாண்டி ஓடுவார்கள். இவர் வேலிக் கம்பியில் கை வைத்து நின்ற இடத்திலேயே தெலுங்கில் எண்ண ஆரம்பிப்பார். ஒகட்டி, ரெண்டு, மூடு. மைதானத்தில் எல்லாமே தெலுங்கில்தான் நடக்கும், அதனால் எண்ணிக்கையும் தெலுங்கு. பத்து எண்ணுவதற்குள் பாப்பா எழுந்து, மண்ணைத் தட்டி, திரும்ப சேணத்தில் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். பாப்பாவும் உட்கார்ந்துவிடுவாள். அப்போது அவளுக்குப் பத்து வயது.

முதலில் மற்ற அம்மாக்கள் முகம் சுளித்தார்கள். அப்புறம் பாப்பா சின்னச் சின்னப் போட்டிகளில் ஜெயிக்க ஆரம்பித்தாள். ஒரு வருஷத்தில் மைதானம் முழுக்க எண்ணத் தொடங்கியது. ஒரு பிள்ளை விழுந்தால் வேலியோரம் நிற்கிற பத்துப் பதினைந்து பேரும் கையில் செல்ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே குரலில் எண்ணுவார்கள். விழுந்ததற்கும் எழுந்ததற்கும் பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸில் வைப்பார்கள். புத்தூர்க்காரம்மா ஒருத்தர் என் எதிரிலேயே தன் மகளைத் திட்டினார். "பதிமூணு எண்ற வரிக்கும் மண்ணுல படுத்துக்கினு கீறியே, இன்னாடி, பாயி வேணுமா? அந்தப் பாப்பாவப் பாரு. மானம் போவுது." அந்தப் பெண்ணின் பூட்ஸை நான்தான் கழற்றினேன். முட்டியில் தோல் வழன்று சாக்ஸோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் எடுக்க முடிந்தது. வெளியே அதே அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

பாப்பாவின் பல் உடைந்ததும் அந்த வருஷம்தான். குதிரை, தாண்ட வேண்டிய தடைக்கு முன்னால் சட்டென்று நின்றுவிட்டது. பாப்பா அதன் கழுத்தைத் தாண்டிப் போய்க் கம்பத்தில் வாய் மோத விழுந்தாள். வேலியோரம் எண்ணினார்கள். ஏழில் எழுந்தாள், ஒன்பதில் சேணத்தில் இருந்தாள். வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். கை தட்டினார்கள். பாப்பாம்மா மெதுவாக உள்ளே வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, மண்ணில் குனிந்து எதையோ தேடினார். உடைந்த பல் துண்டு கிடைத்தது. அதைக் கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டுக்கொண்டார்.

"தடைய இன்னொரு தபா தாண்டிட்டு எறங்கு" என்றார் மகளிடம்.

அவள் தாண்டிவிட்டுத்தான் இறங்கினாள். அறைக்குள் வந்ததும் வாயைக் கொப்பளிக்க வைத்தேன். அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஆயம்மா, எத்தினி எண்ணாங்க?"

"ஒம்போது."

பாப்பா சிரித்தாள். ஈறிலிருந்து ரத்தம் வழிய வழியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு வந்தது இரக்கம் என்று சொன்னால் அது பொய். அருவருப்புதான் வந்தது. சட்டையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டேன்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் அவரை ராட்சசி என்று நினைப்பீர்கள். அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் எனக்கு சிக்குன்குனியா வந்தது. நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. நான் இருந்தது மாடியில் ஓர் ஒற்றை அறை. ஐந்தாம் நாள் கதவைத் தட்டுகிற சத்தம். பாப்பாம்மா நின்றிருந்தார், கையில் கஞ்சித் தூக்கு. உள்ளே வந்து, நான் தடுக்கத் தடுக்க, தரையில் உட்கார்ந்து என் கால் இரண்டையும் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தார். என் அம்மாவுக்குப் பிறகு என் காலை யாரும் அப்படித் தொட்டதில்லை. ஊரார் பிள்ளைகளின் காலைப் பிடித்து இழுத்தவள் நான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழுவாத. ஏந்துரு" என்றார். "பத்து எண்றதுக்குள்ள வாசப்படிக்குப் போவணும்."

"முடியலம்மா."

"ஒகட்டி."

எழுந்து நடந்தேன். எட்டில் வாசற்படியைத் தொட்டேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பாப்பா கோப்பை வாங்குகிறபோதுகூட அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

எண்ணெய் தேய்க்கும்போதுதான் அவருடைய இடது கையைக் கிட்டத்தில் பார்த்தேன். எப்போதும் மணிக்கட்டு வரை வருகிற ரவிக்கைதான் போடுவார். அன்றைக்குக் கையை மேலே ஏற்றியிருந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டி, வெந்த மாங்காயின் தோல் மாதிரி சுருங்கிக் கிடந்தது. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"கண்ணாலம் ஆயி மொத சீசனு. பாய்லர் ஆவி அடிச்சிச்சி. எங்க மாமியாரு வந்து பாத்தாங்க. இன்னா சொன்னாங்க தெரியுமா?"

ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"'லாரி நிக்கிது'ன்னாங்க. அவ்ளோதான். ஈரத் துணியச் சுத்திக்கினு போயி நின்னேன். இன்னிக்கி அந்த ஃபேக்டரி சாவி யாராண்ட கீது?" இடுப்பைத் தட்டிக் காட்டினார். சாவிக்கொத்து ஒலித்தது.

அந்தக் கையை நினைத்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு அவர் செய்த பலவற்றைப் பொறுத்துக்கொண்டேன். அது என் தப்பு.

பாப்பாவுக்குப் பதினாலு வயதானபோது மாநில அளவில் ஜூனியர் போட்டி வந்தது. சித்தூர் ரோட்டில் ஒரு பெரிய மைதானத்தில் நடந்தது. ஈக்விடேஷன் என்று அந்தப் போட்டிக்குப் பேர். குதிரை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அதில் பார்க்கமாட்டார்கள். மேலே இருக்கிற பிள்ளை எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்குத்தான் மார்க். முதுகு நேராக இருக்க வேண்டும், கை ஆடக் கூடாது, முகம் அமைதியாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சேணத்திலிருந்து தொங்குகிற அங்கவடியில் வைத்த காலின் குதிகால் கீழே நன்றாக அழுந்தியிருக்க வேண்டும். காலையில் ஒரு சுற்று, மத்தியானம் ஒரு சுற்று.

ஒரு மாதத்துக்கு முன்பே பாப்பாம்மா பெருமாளிடம் வேண்டிக்கொண்டிருந்தார். "கப்பு வந்தா அன்னிக்கே, ஊட்டுக்குக்கூட போவாம, அலிபிரிலேர்ந்து நடந்தே பாப்பாவ மலைக்கு ஏத்திக் கூட்டியாறேன்னு சொல்லிக்கிறேன்."

காலைச் சுற்றில் ஐந்தாவது தடைக்குப் பக்கத்தில் குதிரை மிரண்டு ஒதுங்கியது. தடையின் மரத்தூணுக்கும் குதிரையின் விலாவுக்கும் நடுவில் பாப்பாவின் வலது கால் சிக்கியது. நான் கிட்டத்தில்தான் நின்றிருந்தேன். காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். பாப்பா விழவில்லை. மீதித் தடைகளையும் தாண்டிச் சுற்றை முடித்துவிட்டுத்தான் வந்தாள். அவளைத் தாங்கிப் பிடித்து உடை மாற்றுகிற கூடாரத்துக்குள் கூட்டிப்போனேன். முகம் சாம்பலாக இருந்தது. உட்காரவைத்துவிட்டு, பழக்கத்தில் பூட்ஸின் மேல் கை வைத்தேன்.

"ஆயம்மா, கழட்டாத."

"பாக்கலாம் பாப்பா, இன்னா ஆச்சின்னு."

"கழட்டுனா வீங்கிடும். வீங்குனா திரும்ப ஏறாது. மத்யானம் ரவுண்டு கீது."

பதினாலு வயதுப் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும் என்று யோசிப்பதற்குள் பாப்பாம்மா உள்ளே வந்துவிட்டார். மகளின் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"நல்லாக் கீறியா?"

"நல்லாக் கீறேம்மா."

"பூட்ஸு இருக்கட்டும் ஆயம்மா" என்றார். "தண்ணி குடு." போய்விட்டார். அவருக்கு அதைவிட அவசரமான வேலை இருந்தது. குதிரையை டாக்டர் பார்க்கப் போகிறார்.

இடித்துக்கொண்ட குதிரை மத்தியானச் சுற்றுக்குப் போகலாமா என்று மாட்டு டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். அது சட்டம். நடுத்தர வயது டாக்டர் ஒருவர், தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து, குதிரையின் நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தடவினார். மடக்கினார். நீட்டினார். குதிரைக்காரரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கெட்டித் தரையில் ஓடச் சொன்னார். பக்கவாட்டில் நின்று பார்த்தார், பின்னால் நின்று பார்த்தார். "மெதுவா. இன்னொரு தடவை." அது கொஞ்சம் நொண்டினாலும் போட்டியிலிருந்து தள்ளிவிடுவார்கள். பாப்பாம்மா புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு குதிரையின் காலையே பார்த்தபடி நின்றார். சுற்றி இருபது பேர் மூச்சுவிடாமல் அதைத்தான் பார்த்தார்கள். வேலியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தரையில் ஊன்றாமல், பாப்பா நின்றிருந்தாள். அவள் பக்கம் யாரும் திரும்பவில்லை.

"குதிரைக்கு ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். கை தட்டினார்கள். தூ.

கூடாரத்துக்குத் திரும்புகிற வழியில் முதலுதவி வேன் நின்றிருந்தது. அதிலிருந்த பையன், வெள்ளைக் கோட்டு போட்டவன், என்னைக் கூப்பிட்டான். "அந்தப் பாப்பா தூண்ல இடிச்சிக்கிட்டா இல்ல, கால்ல ஏதாச்சும் அடியா? நீங்கதான கூட இருந்தீங்க?"

பாப்பாம்மா பத்தடி தள்ளி நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் காது இங்கே இருந்தது. ஒரு வார்த்தை போதும். அவன் பூட்ஸைக் கழற்றச் சொல்லியிருப்பான், அத்தோடு முடிந்திருக்கும். அந்த எண்ணெய்க் கை ஞாபகம் வந்தது, வேலை ஞாபகம் வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துச் சொன்னேன்.

"ஒண்ணும் இல்ல சார்."

மத்தியானச் சுற்றை நான் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். அவளுடைய வலது குதிகாலை மட்டும்தான் பார்த்தேன். எட்டுத் தடையிலும் அது கீழே அழுந்தியே இருந்தது. முகம் தூங்குகிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. மைக்கில் பேசியவர் இரும்புப் பெண் என்றார். கோப்பை பாப்பாவுக்குத்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பாப்பாம்மா குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அப்போது எடுத்த போட்டோ ரைடிங் ஸ்கூல் வாசலில் இன்னும் மாட்டியிருக்கிறதாம். அதில் பாப்பா நேராக நிற்கிறாள், பூட்ஸ் பளபளவென்று இருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் தங்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுகிறார்களாம். அந்தக் கணுக்கால் அதற்குப் பிறகு முழுசாக மடங்கவே இல்லை என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லமாட்டார்கள்.

மைதானத்திலிருந்து கார் நேராக அலிபிரிக்குப் போனது. வெயில் தாழ்ந்திருந்தது. படிக்கட்டுக்கு முன்னால் பாதாள மண்டபத்தில் கூட்டம். அங்கே பெருமாளின் பாதுகையைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றி வருவார்கள். மலைப்படியில் செருப்போடு ஏறக் கூடாது. எங்களில் யாருக்கும், எல்லாவற்றையும் முன்கூட்டி யோசிக்கிற பாப்பாம்மாவுக்கும்கூட, அது வரைக்கும் தோன்றவில்லை. பூட்ஸைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

"ஆயம்மா, இழு" என்று சொல்லிவிட்டுப் பாதுகை வாங்கப் போனார்.

பாப்பாவை ஒரு பூக்கடைத் திண்டில் உட்காரவைத்தேன். குதிகாலைப் பிடித்தேன். ஆறு வருஷத்தில் எத்தனை பூட்ஸ் இழுத்திருப்பேன். இந்தப் பூட்ஸ் அசையவில்லை. உள்ளே கால் இல்லை, மாவு பிசைந்து அடைத்திருக்கிறது என்று பட்டது. பாப்பா ஹெல்மெட் வாரை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பாப்பாம்மா தலையில் பாதுகையோடு சுற்றி வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இன்னும் ஆவலியா? பத்து எண்றதுக்குள்ள கழட்டு. ஒகட்டி. ரெண்டு."

இழுத்தேன். கடவுளே, அவர் எண்ண ஆரம்பித்ததும் என் கை தானாக இழுத்தது. மூடு. நாலுகு. பாப்பாவின் தொண்டைக்குள் ஒரு சத்தம் வந்தது. கண் மேலே செருகியது. அவள் என் தோளில் வாந்தி எடுத்தாள்.

கையை விட்டுவிட்டேன். எழுந்து பூக்காரம்மாவிடம் போய், அவர் நார் அறுக்கிற கத்தியை, கேட்காமலேயே எடுத்துக்கொண்டேன். பூட்ஸின் மேல் விளிம்பில் கத்தியை நுழைத்து, வெளிப்பக்கமாகக் கீழே அறுத்தேன்.

"ஏய்! வெட்டாத! அந்த அளவு இங்க எங்கியும் கெடைக்காது!"

முழுசாக அறுத்துப் பிரித்தேன். கால் வெளியே வந்தது. கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் கணுக்கால் இல்லை, பக்கத்தில் இருந்தது. படிகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். பூக்காரம்மா பாப்பாம்மாவைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார்: "ஏமம்மா, இதி நீ கடுபுன புட்டிந்தேனா?" இது உன் வயிற்றில் பிறந்ததுதானா என்று.

பாப்பாம்மாவின் தலையில் பாதுகை அப்படியே இருந்தது. மகளின் காலை ரொம்ப நேரம் பார்த்தார். அவருடைய வலது கை மெதுவாகப் போய் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டது. இப்போது வாய் திறப்பார் என்று நினைத்தேன். அழுதிருந்தால் நான் எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன்.

பாதுகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். முதல் படியிலிருந்து மஞ்சளைத் தொட்டுப் பாப்பாவின் நெற்றியில் வைத்தார்.

"வேண்டுதல நடுவுல நிறுத்தக் கூடாது. ஒனக்கு பதிலு நான் ஏர்றேன். நீ ஆயம்மாவோட போ. டாக்டராண்ட அழுவாத."

அறுந்த பூட்ஸை எடுத்து என் பையில் வைத்தார். "தச்சிக்கலாம்" என்றார். கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினார். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முதுகும் நேராகத்தான் இருந்தது. நான் அந்த முதுகைப் பார்த்துத் துப்பினேன். படியில் இல்லை, ஓரமாகத்தான்.

டிரைவர் பாப்பாவைத் தூக்கிக் காரில் கிடத்தினார். ஊருக்குள் ஓர் எலும்பு டாக்டரிடம் போனோம். வயதானவர், மெதுவாகப் பேசினார். காலின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்தி, "இங்க வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

பாப்பா தரையைப் பார்த்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள்.

"ஒண்ணும் இல்ல சார்."

அது அவள் அம்மாவுடைய குரல் இல்லை. என்னுடையது. மத்தியானம் வேனுக்குப் பக்கத்தில் நான் சொன்ன அதே சொல், அதே சாய்வு. அவள் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் விரலை நகர்த்தினார். "இங்க? சொன்னாதாம்மா எனக்குத் தெரியும்."

"ஒண்ணும் இல்ல சார்."

"வலிக்குது சார்" என்றேன். அறையில் நர்ஸ், டிரைவர், டாக்டர், வாசலில் யார் யாரோ இருந்தார்கள். "காலையிலேர்ந்து வலிக்குது சார். கேட்டாங்க, நான்தான் இல்லன்னு சொன்னேன்."

பாப்பா என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். நான் எதையோ அவளிடமிருந்து திருடிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் இரண்டு கையாலும் காலைப் பிடித்தபோது அவள் உதடு அசைந்தது. ஒகட்டி, ரெண்டு, மூடு. பத்து வந்தது. எழுந்து ஏறுவதற்கு அங்கே குதிரை இல்லை. அவள் மேலே எண்ணிக்கொண்டே போனாள்.